எலும்புக்கும் உயிர் உண்டு

ஆறாம் வகுப்பில் மனித உறுப்பு மண்டலங்கள் பாடம் எடுக்கும்போது எலும்புக்கூட்டுப் படத்தை நான் முதலில் மாட்டுவதில்லை. "நல்லி எலும்பு யாருக்கெல்லாம் பிடிக்கும்?" என்று கேட்டுத்தான் தொடங்குவேன். வண்டியூர்ப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் அறிமுகம் தேவையில்லை. எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சுவதை ஒருவன் நடித்தே காட்டுவான். அப்படி உறிஞ்சுவதுதான் மஜ்ஜை, நம் உடம்பில் இரத்தச் செல்கள் உருவாவது அதில்தான் என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். சென்ற ஆண்டு அந்த அமைதியில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், அப்போ எலும்புக்கு உசுரு இருக்கா? இல்ல, நகம், முடி மாதிரி சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கா?"

"உயிர் இருக்கிறது" என்று உடனே சொல்லிவிட்டேன். பாடநூல் விடை அது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் மனம் உறுத்தியது. இருபது ஆண்டுப் பணியில் இரண்டு முறை, எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது போதும் என்று நினைத்துத் தவறியிருக்கிறேன். இரண்டு முறையும் அதன் பலனை அனுபவித்தவர்கள் பிள்ளைகள்தான். அந்த இரண்டையும் சக ஆசிரியர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதற்கு முன், அந்த மாணவிக்கு நான் தந்திருக்க வேண்டிய முழு விடை.

வினிகரில் ஊறிய கோழிக்கால்

அடுத்த வாரம் நன்றாகக் கழுவிய மூன்று கோழிக்கால் எலும்புகளை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒன்றை அப்படியே வைத்தோம். இன்னொன்றை ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றினோம். மூன்றாவதை வீட்டு அடுப்பில் வெள்ளையாகும்வரை நானே சுட்டு எடுத்து வந்திருந்தேன். (அந்த நாற்றத்தை வகுப்பறையில் செய்து பார்க்க வேண்டாம்.) வினிகரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினோம். ஒரு வாரம் கழித்து எடுத்தபோது எலும்பு வடிவம் மாறாமல் இருந்தது. ஆனால் ரப்பர் குழாய்போல வளைந்தது. சுட்ட எலும்போ விரலால் அழுத்தியதும் பொரிவிளங்காய்போல நொறுங்கியது. தொடாமல் வைத்திருந்த எலும்பு வளையவும் இல்லை, நொறுங்கவும் இல்லை.

எலும்பில் இரண்டு பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கொலாஜன் என்னும் புரத நார். மற்றது ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் தாது. வினிகரின் அமிலம் தாதுவைக் கரைத்துவிட்டு நாரை விட்டுவைத்தது. நெருப்பு நாரை எரித்துவிட்டுத் தாதுவை விட்டுவைத்தது. கான்கிரீட் தூணில் கம்பிக்கும் ஜல்லிக் கலவைக்கும் என்ன உறவோ, அதே உறவுதான் இங்கும். இழுவிசையை நார் தாங்கும், அழுத்தத்தைத் தாது தாங்கும். கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் இதை என்னைவிட நன்றாக மற்றவர்களுக்கு விளக்கினார்கள்.

தூணுக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தூணைக் கட்டி முடித்தபின் கொத்தனார் போய்விடுவார். எலும்பில் அவர் போவதே இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பை அரித்துக் கரைத்துக்கொண்டே போகின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் பின்னாலேயே வந்து புதிதாகக் கட்டுகின்றன. கட்டும் வேலையிலேயே தாதுவுக்குள் சிக்கிக்கொண்ட சில செல்கள் ஆஸ்டியோசைட் ஆகி, எங்கே பளு கூடுகிறது, எங்கே குறைகிறது என்று உணர்ந்து சொல்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

கூடவே எலும்பு ஒரு சேமிப்புக் கிடங்கு. உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மீதி ஒரு சதவீதத்தை நம்பித்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு வேலை செய்கிறது. இரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். இதனால்தான் சாப்பாட்டில் கால்சியம் குறைந்த பிள்ளை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சேமிப்புக் கரைவது யார் கண்ணிலும் படாது.

"சுளுக்குதான், சரியாகிவிடும்"

இது வண்டியூரில் நடந்தது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மதிய இடைவேளையில் கபடி ஆடும்போது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டுக்கு மேலே லேசான வீக்கம். கை கோணவில்லை, விரல்களை அசைத்தான். "சுளுக்குதான்" என்று சொல்லி, முதலுதவிப் பெட்டியிலிருந்த தைலத்தைத் தடவி வகுப்பில் உட்காரவைத்தேன். "அவன் சும்மா நடிக்கிறான் டீச்சர்" என்றான் பக்கத்துப் பையன். நானும் பாதி நம்பினேன். மாலையில் அவனுடைய அப்பா வந்தபோதும் அதையே சொன்னேன்.

பிள்ளைகளின் எலும்பு பெரியவர்களின் எலும்பைச் சிறிதாக்கி வைத்தது அல்ல. அதில் நார்ப் பங்கு அதிகம். மேலே போர்த்தியிருக்கும் உறை தடிமனானது. காய்ந்த வேப்பங்குச்சி படக்கென்று ஒடியும். பச்சைக் குச்சி ஒருபுறம் கிழிந்து மறுபுறம் வளைந்து நிற்கும். சிறுவர்களின் எலும்பு பெரும்பாலும் இந்தப் பச்சைக் குச்சியைப் போலத்தான் முறியும். கை நேராகத் தெரியும், விரல் அசையும், உள்ளே முறிவு இருக்கும். இன்னொன்றும் உண்டு. நீண்ட எலும்புகளின் முனைக்கருகே வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. உயரம் கூடுவது அங்கேதான். மூட்டைச் சுற்றிய தசைநாரைவிட அந்தத் தட்டு பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காகும் அதே விழுதலில் சிறுவர்களுக்கு வளர்தட்டு அடிபட்டுவிடலாம். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பு குட்டையாகவோ கோணலாகவோ வளரும். வளரும் பிள்ளையின் மூட்டுப் பக்கம் வீக்கமும் அழுத்தினால் வலியும் இருந்தால், எக்ஸ்ரே எடுக்கும்வரை அது முறிவுதான் என்று வைத்துக்கொள்வதே முறை.

எனக்கு அன்று இது தெரியாது. இரவில் அவனைக் கட்டுக் கட்டுபவரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். உருவிவிட்டு, முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். "எங்க தாத்தா காலத்துலருந்து அங்கதான் டீச்சர் கட்டுறது" என்று அவனுடைய அப்பா பின்னர் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுளுக்கு என்று சொல்லி அனுப்பியவள் நான்.

முறிந்த இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் கூடிக்கொண்டே போகும். மேலே இறுக்கமான கட்டு இருந்தால் வீக்கம் வெளியே போக வழியில்லாமல் உள்நோக்கி அழுத்தும். இரத்த ஓட்டம் தடைப்படும். தசைக்கு இரத்தம் முற்றிலும் நின்றால் சுமார் ஆறு மணி நேரத்தில் அது சாகத் தொடங்கும். செத்த தசை தழும்பாகிச் சுருங்கி விரல்களைக் கொக்கிபோல மடக்கிவிடும். 1881-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் இதை விவரித்தார். இன்றும் அந்தச் சுருக்கத்துக்கு அவர் பெயர்தான். எங்கள் மாணவன் இரவு முழுவதும் தூங்காமல் அழுதிருக்கிறான். விடியற்காலையில் விரல் நுனிகள் நீலம் பாரித்துவிடவே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே கட்டை வெட்டி எடுத்து அறுவை செய்து கையைக் காப்பாற்றினார்கள். பல மாதம் பயிற்சி செய்தும் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக நீள்வதில்லை.

நாட்டுக் கட்டு வைத்தியத்தில் எத்தனையோ பேருக்குச் சரியாகியிருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். முறிந்த எலும்பைக் கூடவைப்பது பத்தும் அல்ல, மாவுக்கட்டும் அல்ல. எலும்பே தன்னைக் கூட்டிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அதன்மேல் நாரும் குருத்தெலும்பும் பாலம்போட்டு, அது எலும்பாக இறுகி, பின்னர் தேவையற்ற புடைப்பு கரைக்கப்பட்டுப் பழைய வடிவுக்கு வரும். முன்கை முறிவு சிறுவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் கூடிவிடும். எலும்பை நேரே வைத்து அசையாமல் பார்த்துக்கொள்வதும், இரத்த ஓட்டம் நிற்காமல் காப்பதும்தான் மருத்துவத்தின் வேலை. முதலாவது நாட்டுக் கட்டில் சில நேரம் சரியாக அமைந்துவிடும். இரண்டாவதில்தான் ஆபத்து.

இப்போது எங்கள் பள்ளியில் யாராவது கையை ஊன்றி விழுந்தால் தைலப் பாட்டிலை யாரும் எடுப்பதில்லை. உருவிவிடுவதும் இல்லை. வளையல், மோதிரம், கையில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுகிறோம். வீங்கிய பின் கழற்ற முடியாது. இருக்கும் நிலையிலேயே கையை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துத் தளர்வாகக் கட்டி, துப்பட்டாவால் தூளி போடுகிறோம். மயக்க மருந்து தர வேண்டி வரலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுப்பதில்லை. விரல் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பெற்றோரிடம் ஒரு வரி தவறாமல் சொல்லி அனுப்புகிறோம்: எங்கே கட்டுப் போட்டாலும், வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, மரத்துப்போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும்.

பென்னாகரத்துப் பற்கள்

முதல் தவறு இதைவிடப் பழையது. தென்மாவட்டத்து ஆசிரியர்கள் பலரையும்போல எனக்கும் முதல் பணியிடம் தருமபுரி மாவட்டத்தில்தான் கிடைத்தது. பென்னாகரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. புதிதாகச் சேர்ந்த வேகத்தில், காலை வழிபாட்டு வரிசையில் நகம், முடி, பல் மூன்றையும் பார்ப்பேன். பாதிப் பிள்ளைகளுக்குப் பல் மஞ்சளாக, சிலருக்குப் பழுப்புக் கோடு விழுந்து இருக்கும். "பல் விளக்குவதே இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பேன். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மறுநாள் ஈறெல்லாம் புண்ணாக வந்து நின்றாள். செங்கல் தூளால் தேய்த்திருக்கிறாள். அதன்பின் அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அந்தக் கையை அப்படி வைக்கப் பழக்கியது நான்தான்.

பள்ளிக்கு வந்த மருத்துவர் ஒருவர்தான், பிள்ளைகள் போனபின் என்னைத் தனியே அழைத்து, அது அழுக்கு அல்ல, தண்ணீர் என்றார். அந்த ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். கடினப்பாறையிலுள்ள சில தாதுக்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைந்து, கிணறு ஆழமாகி, நீர் பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடக்கும்போது அளவு கூடுகிறது.

பல் எலும்பு அல்ல. ஆனால் பல்லின் எனாமலும் எலும்பும் ஒரே வகைத் தாதுவால் ஆனவை. எலும்பு புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனாமல் ஒருமுறை உருவானால் அத்தோடு சரி, பின்னர் மாறாது. நிலைத்த முன்பற்களின் எனாமல், ஈறுக்குள் இருக்கும்போதே, ஏறத்தாழ ஐந்து வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அப்போது குடித்த நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால், ஏழு வயதில் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ அதில் எழுதப்பட்டிருக்கும். எந்தப் பற்பசையும் அதை அழிக்காது. அழுக்கையும் இதையும் பிரித்தறிவது எளிது. அழுக்கு ஈறு ஓரத்தில் தேங்கும், சுரண்டினால் வரும். ஃபுளோரைடு கறை ஈறிலிருந்து விலகி, குறுக்குக் கோடாக, இடப்பக்கப் பல்லிலும் அதன் ஜோடியான வலப்பக்கப் பல்லிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் இருக்கும்.

பல்லில் தெரிவது எலும்பில் நடப்பதற்கு முன்னறிவிப்பு. அந்த ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்போடு முழுதாகத் திரும்புவார். கர்வம் என்று நினைத்தேன். கழுத்து எலும்புகள் இறுகிப் போயிருந்தன. ஹைட்ராக்ஸிஅபடைட்டில் ஹைட்ராக்ஸில் இருக்கும் இடத்தில் ஃபுளோரைடு போய் உட்கார்ந்துகொள்கிறது. கட்டும் செல்களையும் அது அளவுக்கு மீறித் தூண்டுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முன்னைவிட அடர்த்தியாக, வெள்ளை வெளேரென்று தெரியும். அடர்த்தி கூடியும் உறுதி கூடுவதில்லை, எளிதில் உடைகிறது. மூட்டைச் சுற்றிய தசைநார்களும் சுண்ணாம்பேறிக் கெட்டியாகின்றன. முதுகு விறைக்கிறது. முற்றினால் தண்டுவட நரம்பை நெருக்கிக் காலை முடக்கிவிடும்.

இந்த நோயை இந்தியாவில் முதலில் பதிவு செய்ததும் அன்றைய நம் சென்னை மாகாணத்தில்தான். கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் கண்டதை 1937-இல் இந்தியன் மெடிக்கல் கெசட் இதழில் வெளியிட்டார்கள். 1973-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வளரிளம் பருவத்தினர் சிலருக்கு முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, பாதங்கள் விலகி நின்றன. உணவில் கால்சியம் குறைவாக இருந்தால் ஃபுளோரைடு செய்யும் கேடு கூடுகிறது. ஒரே கிணற்றில் குடிக்கும் இரண்டு பிள்ளைகளில் வறிய வீட்டுப் பிள்ளையின் கால் முதலில் வளைகிறது.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. புளிக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. பள்ளிச் சிறுவர்களுக்கு உணவோடு புளி கொடுத்துப் பார்த்ததில் சிறுநீர் வழியே ஃபுளோரைடு வெளியேறுவது கூடியதாக ஐதராபாத் ஆய்வாளர்கள் 2002-இல் எழுதினார்கள். அதற்காகப் புளிக்குழம்பு மருந்தாகிவிடாது. உண்மையான தீர்வு தண்ணீரை மாற்றுவதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம், ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. அதற்குள் நான் மாறுதல் வாங்கி மதுரைக்கு வந்துவிட்டேன். வாயை மூடிச் சிரித்த அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயது நெருங்கியிருக்கும்.

850 மில்லிகிராம்

பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் வாழ்நாள் எலும்புச் சேமிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் சேர்ந்துவிடுகிறது. அதாவது சேமிக்கும் காலம் முழுவதும் பிள்ளைகள் நம்மிடம்தான் இருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனப் பரிந்துரைப்படி 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 850 மில்லிகிராம் கால்சியம் தேவை. 13 முதல் 15 வரை 1,000. நேற்று சாப்பிட்டதையெல்லாம் எழுதிக் கூட்டிப் பாருங்கள் என்று வகுப்பில் சொன்னேன். 100 கிராம் அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம் இருக்கிறது. இட்லி, சோறு, இரவில் தோசை என்று முடிந்த நாளில் பாதியைத் தொட்டவர்கள் மிகச் சிலரே. ஒரு டம்ளர் பால் குடித்தவர்களும் நெத்திலிக் கருவாடு சாப்பிட்டவர்களும் முன்னால் நின்றார்கள்.

சத்துணவு முட்டையில் கால்சியம் நிறைய இருக்கும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஓட்டில்தான் இருக்கிறது. உள்ளே 30 மில்லிகிராம்கூட இராது. முட்டையின் பெருமை புரதத்திலும் மஞ்சள் கருவின் வைட்டமின் டி-யிலும் இருக்கிறது. அதேபோல்தான் ஆட்டுக்கால் சூப்பும். எலும்பு முறிந்தவருக்கு எங்கள் ஊரில் முதலில் வருவது அதுதான். எலும்பிலுள்ள தாது தண்ணீரில் அப்படிக் கரைந்து வருவதில்லை. கரைந்தால் மழையில் நனையும் எலும்பெல்லாம் காணாமல் போயிருக்கும். கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது, கொந்தகையில் முதுமக்கள் தாழிகளுக்குள் கிடைத்த எலும்புகளைப் பற்றிப் பேசினோம். இத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் மிஞ்சியது சூப்பில் இறங்கிவிடுமா என்று கேட்டேன். சிரித்தார்கள். வலி ஆற்றவும் வாய்க்கு ருசியாகவும் சூப் குடிக்கட்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு. அகத்திக்கீரையிலும் எள்ளிலும் அதைவிடப் பல மடங்கு. முருங்கைக்கீரை எங்கள் பள்ளிச் சுவரோரமே நிற்கிறது.

சாப்பிட்ட கால்சியம் குடலிலிருந்து இரத்தத்தில் ஏற வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தால் வளர்தட்டில் நார் உருவாகியும் தாது ஏறாது. மணிக்கட்டு தடித்து, கால் வளைந்து, ரிக்கெட்ஸ் வரும். வெயிலுக்குப் பேர்போன மதுரையில் இதற்கென்ன பஞ்சம் என்று நானும் நினைத்தேன். ஆனால் தோலில் வைட்டமின் டி-யை உருவாக்கும் புற ஊதா பி கதிர், சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் தரைக்கு நன்றாக வரும். நம் கருத்த தோலுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தேவை. காலை ஏழு மணி இளவெயில் இதமானது, ஆனால் வைட்டமின் டி-க்கு அது போதாது. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் உதவாது. பதினோரு மணிவாக்கில் கால் மணி நேரம் வெளியே நிற்பதே பலன்.

இங்கே என் மூன்றாவது குற்றத்தையும் ஒப்புக்கொள்ளலாம். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்குவேன். திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. வெயில் போகட்டும், எலும்பு வளர்வதே பளுவைத் தாங்கித்தான். எலும்பு தன்மேல் விழும் பளுவுக்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்று 1892-இல் ஜூலியஸ் வோல்ஃப் எழுதினார். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மறுகையைவிடத் தடித்திருக்கும். எடையற்ற விண்வெளியில் மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்கு எலும்பு கரைகிறது. பாண்டியும் கபடியும் குதிகயிறும் எலும்புக்கான வேலை. கபடியில் விழுந்தவனைப் பார்த்தபின் கபடியையே நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நல்லவேளையாக நிறுத்தவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. இரண்டு வயது வரை கால் வெளிப்புறம் வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் முட்டிக்கொள்வதும் இயல்பு. ஏழு வயதுவாக்கில் சரியாகிவிடும். அதற்குப் பின்னும் முட்டினாலோ, ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும். 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பட்டியலில் ரிக்கெட்ஸும் இருக்கிறது. வரும் மருத்துவர் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுதும் அந்தப் பிள்ளை நடப்பதையும் ஓடுவதையும் பார்த்தவர்கள் நாம். நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

புத்தகப் பை பற்றிச் சுருக்கமாக. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020-இல் தேசியப் பள்ளிப் பைக் கொள்கையும் சொல்லிவிட்டன. பளுவான பையால் முதுகு வலி வரும். ஆனால் பதின்ம வயதில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவதற்குப் பை காரணமில்லை. அது பெரும்பாலும் காரணம் தெரியாமலே வருவது, வளைவு முற்றுவது பெண் பிள்ளைகளுக்கு அதிகம். குனிந்து பாதத்தைத் தொடச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், ஒருபக்க விலா மறுபக்கத்தைவிட மேடாகத் தெரியும். ஆசிரியை ஒருவர், சீருடையோடேயே பார்த்துவிடலாம்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பதுகளின் பிற்பகுதியில் மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. கரைக்கும் செல்கள் கட்டும் செல்களை முந்திவிடுகின்றன. எலும்பு சல்லடையாகிக்கொண்டு வருவது வலிக்காது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி இடுப்பு முறியும்போதுதான் தெரியும். எங்கள் ஆசிரியர் அறையில் ஐந்து பேர் அந்த வயதில் இருக்கிறோம். மதியச் சாப்பாட்டில் கேழ்வரகு அடை இப்போது அடிக்கடி எட்டிப் பார்க்கிறது.

"எலும்புக்கு உசுரு இருக்கா?" என்று கேட்ட மாணவி இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். பென்னாகரத்துக் கதையை அவர்களிடம் சொன்னேன், நான் திட்டியதையும் சேர்த்து. "அப்ப நம்ம போர் தண்ணியில எவ்ளோ இருக்கு டீச்சர்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மாநகராட்சிக் குழாயில் வராத நாளில் நாங்கள் குடிப்பது அந்த நீர்தான். மதுரையைச் சுற்றியிருப்பதும் கடினப்பாறை நிலம். சென்ற வெள்ளிக்கிழமை அவளும் இன்னும் மூன்று பேரும் ஒரு லிட்டர் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, தேதியும் இடமும் எழுதி ஒட்டினார்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக் கூடியது, பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும் என்று ஒருவனுக்கு ஒருத்தி விளக்கிக்கொண்டிருந்தாள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பாட்டிலைக் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. தினமும் காலையில் கேட்கிறார்கள்.